கறிச்சட்டியில் தேடப்படும் வீரமும் குலமும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

இலங்கையின் வடபகுதியான வன்னிப் பெருநிலப்பரப்பில் அண்மைக் காலமாக இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழுகின்றன. உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் போய்வரும் எமது இளைஞர் சிலர், மரக்கறி உண்டதனாலேயே தமிழன் மெலிந்துபோனான் என்றும், இறைச்சி உண்பது சத்திரிய தருமம் என்றும், அதற்குக் கீதையே சான்று என்றும் சொல்கிறார்கள். ஆலயப் பிரசங்க மேடைகள் சிலவற்றிலோ, மச்சம் (மீனும் இறைச்சியும்) உண்ணாதவர் உயர்குலத்தவர், உண்பவர் பிறப்பாலேயே தாழ்ந்த குணத்தவர் என்ற பழைய பாடம் சற்றே மெருகேற்றப்பட்டு மீண்டும் ஒலிக்கிறது. சைவசமயம் கற்பித்து ஓய்வுபெற்றவன், இளவயது முதல் மச்சம் உண்ணாதவன் என்ற வகையில் இவ்விரண்டுக்கும் மறுப்புக் கூற விரும்புகிறேன். இவர்கள் எதிரெதிர்க் கட்சியினர் போலத் தோன்றினாலும், தட்டில் இருப்பதை வைத்து உண்பவனின் தரத்தை நிறுத்துவிடலாம் என்பதில் இருவருக்கும் முழு உடன்பாடு உண்டு. சாகின்ற ஆட்டைப் பற்றி இரு சாராரும் ஒரு வார்த்தை பேசக் கேட்டதில்லை.

முதலில் கீதையை எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் அத்தியாயத்தின் 3ஆம் சுலோகத்தில், வில்லை நழுவவிட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்துவிட்ட அருச்சுனனை நோக்கி, பேடித்தன்மைக்கு இடங்கொடாதே என்று கண்ணன் கடிந்துகொள்வது உண்மையே. இளைஞர்கள் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பதினெட்டாம் அத்தியாயத்தின் 43ஆம் சுலோகம் சத்திரியனுக்கு இயல்பானவை எவை என்று சொல்கிறது: வீரம், ஒளி, உறுதி, திறமை, போரில் புறங்காட்டாமை, ஈகை, ஆளுந்தன்மை. உணவு அங்கே இல்லை. உணவைப் பற்றியே பேசுகின்ற பதினேழாம் அத்தியாயத்தில், சாத்துவிகம், இராசதம், தாமதம் என்று மூன்றாக வகுக்கும் 8 முதல் 10 வரையான சுலோகங்கள் சுவையையும் பதத்தையும் உடலில் அவற்றின் விளைவையும் கூறுகின்றன. இறைச்சி என்ற பெயரை அவை எடுக்கவேயில்லை. அதுமட்டுமன்றி, வலிமையைப் பெருக்குவது சாத்துவிக உணவு என்றுதான் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. பதினாறாம் அத்தியாயத்தில் தெய்வ இயல்புகளை வரிசைப்படுத்தும்போது முதலாம் சுலோகம் அஞ்சாமையில் தொடங்குகிறது, இரண்டாம் சுலோகம் கொல்லாமையில் தொடங்குகிறது. இரண்டும் ஒரே மனிதனிடத்தில் இருக்கவேண்டியவை என்பது நூலின் கருத்து.

மகாபாரதத்தில் ஊன் உண்ணாமையின் பெருமையை மிக விரிவாகப் பேசுகிறவர் யார் என்பதையும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். காட்டில் கிழங்கு தின்று வாழ்ந்த முனிவர் எவரும் அங்கே பேசவில்லை. அம்புப் படுக்கையில் கிடக்கும் பீட்டுமரே அனுசாசன பருவத்தில் தருமனுக்கு அதை உபதேசிக்கிறார். அவருடைய ஆண்மையைக் குறைசொல்ல எவருக்கும் துணிவு வராது என்று நம்புகிறேன். அதே இடத்தில் அவர் சத்திரியரின் வேட்டைக்கு விலக்கு அளிப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காட்டு விலங்குகள் அகத்தியரால் முன்னரே தெய்வங்களுக்கு நிவேதிக்கப்பட்டவை என்றும், வேட்டையில் கொல்பவனும் கொல்லப்படக்கூடும் என்பதால் அது குற்றமாகாது என்றும் அவர் காரணம் காட்டுகிறார். அந்த விலக்கை இன்று எமது காடுகளில் யார் கோர முடியும்? விலங்கு தட்டியதும் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கைப் பாதையில் கட்டிவைத்துவிட்டு வீட்டில் உறங்குகிறவருக்கு அது பொருந்தாது. மரையையும் மானையும் சுட்டு, இரவோடிரவாகக் கிலோக் கணக்கில் விற்கிறவருக்கும் பொருந்தாது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவரைக் குற்றவாளி என்கிறது, பீட்டுமரும் அவருக்காக வாதாட மாட்டார். விதைத்த வயலைப் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் கிளறிப் போட்டுவிட, கடனோடு நிற்கும் கமக்காரரின் நிலைமை வேறு. அவர் தம்மை வீரன் என்று சொல்லிக்கொள்வதுமில்லை.

வலிமை உணவிலிருந்து வருகிறதா, தொழிலிலிருந்து வருகிறதா என்ற கேள்விக்குச் சங்கப் புலவர் ஒருவரே நேராக விடை கூறியிருக்கிறார். புறநானூற்றின் 14ஆம் பாட்டை எமது பிள்ளைகள் படிக்க வேண்டும். சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பற்றி, உமது கை மென்மையாக இருக்கிறதே என்று வியந்தபோது பாடப்பட்டது அது. யானையை அங்குசத்தால் அடக்கி, குதிரையைக் கடிவாளத்தால் இழுத்து, வில்லின் நாணை வலித்து அம்பு செலுத்துவதால் உன் கை வலிதாயிற்று; புலால் மணக்கும் பசுந்தசையைப் பூமணக்கும் புகையில் வாட்டிச் சமைத்த ஊனையும் துவையையும் கறியையும் சோற்றையும் உண்டு வருந்துவதைத் தவிர எம் கைகள் வேறு தொழில் அறியாதன, ஆகையால் மெல்லியன என்கிறார் கபிலர். இவர் யார்? ‘யானே பரிசிலன், மன்னும் அந்தணன்’ என்று 200ஆம் பாட்டில் தம்மைத் தாமே அறிமுகப்படுத்துகிறவர். அந்தணர் இறைச்சி தின்கிறார், கை மென்மையாகவே இருக்கிறது. அரசன் வில் வளைக்கிறான், கை காய்த்துப்போகிறது. எமது இளைஞரின் வாதமும் பிரசங்கிகளின் வாதமும் இந்த ஒரே பாட்டில் சேர்ந்தாற்போல அடிபட்டுப் போகின்றன. இறைச்சி அந்தணரைச் சாதி கெடுக்கவில்லை, வீரனாக்கவும் இல்லை.

அப்படியானால் இறைச்சிக்கும் ஆண்மைக்கும் முடிச்சுப் போடும் பேச்சு இவ்வளவு பலமாக எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி வெள்ளையராட்சியின் காலத்தில் வந்தது. 1857இன் கிளர்ச்சிக்குப் பின்னர் இந்தியரைப் போர்க்குணமுள்ள இனங்கள், அஃதில்லாத இனங்கள் என்று பிரித்து அந்த அடிப்படையில் படைக்கு ஆள் சேர்த்தவர்கள் அவர்கள். மாணவனாயிருந்த காந்தியை அவருடைய நண்பர் இறைச்சி உண்ண இணங்கவைத்ததும் இதே நியாயத்தைச் சொல்லித்தான்: ஆங்கிலேயன் இறைச்சி உண்பதால் ஐந்து முழ உயரம் வளர்ந்து எம்மை ஆள்கிறான் என்று குசராத்தி மாணவர்கள் அக்காலத்தில் பாட்டே பாடித் திரிந்தார்கள். ஆற்றங்கரையில் ஒளித்திருந்து ஆட்டிறைச்சி தின்ற அந்த இரவு, வயிற்றுக்குள் ஆடு கத்துவதுபோல இருந்தது என்று காந்தி தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பின்னாளில் அதே சாம்ராச்சியத்தை அவர் எதிர்த்து நின்றது ஆட்டிறைச்சியின் பலத்தால் அல்ல. மறுபக்கத்தில், 1897 சனவரியில் யாழ்ப்பாணத்துக்கும் வந்து உரையாற்றிய விவேகானந்தர் இறைச்சி உண்டவர். உழைத்துப் பிழைக்கும் மக்களுக்கு அது தேவை என்றும் கருதியவர். அதைச் சமயவிரோதமாகக் கொள்ளாத இந்துத் துறவி ஒருவர் இருந்தார் என்பதும் பிரசங்கிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எமது மண்ணின் வீரத்துக்கு இளைஞர்கள் ஆங்கிலேயரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனையே எடுத்துக்காட்டுவார்கள், காட்டட்டும். 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தவனை, அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படையதிகாரி வொன் டிறிபேர்க்கின் படை தோற்கடித்தது. அதைப் பொறித்த நடுகல் அங்கே நின்றது. பல திசைகளிலிருந்து ஒருங்கே நகர்த்தப்பட்ட ஆயுதப் படையிடம் ஏற்பட்ட தோல்விக்கும் வெற்றிக்கும் இலைக்கறியிலோ இறைச்சியிலோ காரணம் தேடுவது அந்த வீரனையே சிறுமைப்படுத்துவதாகும். 2009இல் போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்ற எமது சனத்திடம் துணிவு குறைந்திருந்ததென்று சொல்ல இந்த இளைஞர்களுக்கும் நா எழாது.

இனி, மரக்கறியை உயர்குலத்தின் முத்திரையாக்குவோரிடம் வருகிறேன். அவர்கள் சாத்திரங்களைத் துணைக்கு அழைப்பதால் சாத்திரத்திலிருந்தே பதில் கூறலாம். மனுநூலின் ஐந்தாம் அத்தியாயம் ஓரிடத்தில் ஊன் உண்ணுதலைக் கடுமையாகப் பழிக்கிறது. அதே அத்தியாயத்தின் 56ஆம் சுலோகமோ ஊன் உண்பதில் குற்றமில்லை, அது உயிர்களின் இயல்பு, ஆனால் விலகியிருப்பது பெரும்பயன் தரும் என்கிறது. 51ஆம் சுலோகம் கொலையாளிகள் யார் யார் என்று எண்ணும்போது, கொல்ல இசைவு தருபவன், வெட்டிக் கூறு போடுபவன், கொல்பவன், வாங்குபவன், விற்பவன், சமைப்பவன், பரிமாறுபவன், உண்பவன் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. எமது ஊர்களில் இந்த எண்மரில் வெட்டுபவரையும் விற்பவரையும் மட்டும் பிரித்தெடுத்துத் தாழ்த்திவிட்டு, வாங்கி உண்பவர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுப் பங்குக்குச் சொல்லிவைத்துவிட்டு வெள்ளிக்கிழமை கோயிலில் முன்வரிசையில் நிற்கிறார். பத்தாம் அத்தியாயத்தில் மனு உழவையும் விட்டுவைக்கவில்லை. இரும்பு பூட்டிய கலப்பை நிலத்தையும் நிலத்திலுள்ள உயிர்களையும் துன்புறுத்துவதால் அந்தணன் உழவைத் தவிர்க்க வேண்டும் என்கிறார். வயலும் குளமுமாய் வாழும் வன்னியில், அந்தச் சாத்திரத்தைக் கையில் எடுப்பவர் தமது சோற்றுக் கோப்பையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இதே கலப்பையைப் பற்றி மகாபாரதத்தின் வனபருவத்தில் இறைச்சி வியாபாரி ஒருவன் அந்தணனுக்குச் சொல்கிறான். கோபத்தால் கொக்கை எரித்த அந்தணன் கௌசிகன், ஒரு குடும்பப் பெண்ணால் திருத்தப்பட்டு, மிதிலைக்குச் சென்று தருமவியாதனைக் காண்கிறான். பிறர் கொன்ற பன்றியின், எருமையின் இறைச்சியை விற்பவன், தான் ஊன் உண்பதில்லை என்கிறான்; உழுகின்றவனின் காலடியிலும் கொழுமுனையிலும் எண்ணற்ற உயிர்கள் சாகின்றன, கொல்லாதவன் எவன் என்று கேட்கிறான். பெற்றாரைப் பேணும் இந்த வியாபாரியிடம் அந்தணன் தருமம் கற்றுக்கொண்டு போகிறான். இந்தக் கதையை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒரு குறையையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்: தருமவியாதன் முற்பிறப்பில் அந்தணனாயிருந்து சாபத்தால் இப்படிப் பிறந்தவன் என்று கதை காரணம் கற்பிக்கிறது, பிறப்பால் வந்த தொழிலை விட்டுவிலக அவனுக்கு வழிவிடவும் இல்லை. ஞானத்தில் உயர்த்திவிட்டுத் தொழிலில் கட்டிவைக்கும் இந்த ஏற்பாட்டை நான் ஏற்கவில்லை. ஆயினும், உணவுத் தூய்மை பேசுகிறவர்கள் சொல்லும் அளவுக்குக்கூடப் பழைய நூல் இறுக்கமானதன்று.

எமது தமிழ்ச் சைவம் இதனினும் வெகுதூரம் போயிருக்கிறது. திருக்காளத்தியில் வேடர் திண்ணனார் (கண்ணப்பர்) பன்றியிறைச்சியைத் தாமே சுவைத்துப் பார்த்துப் பதமானதைப் படைத்தார். ஆகம விதிப்படி பூசை செய்த சிவகோசரியார் அதைக் கண்டு துடித்தார். இறைவன் யார் பக்கம் நின்றான் என்பது பெரிய புராணம் படித்த எவருக்கும் தெரியும். நாகப்பட்டினத்துப் பரதவரான அதிபத்தர், வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டே நாயனாரானார். மீன்பிடிப்பதை விடும்படி அவரிடம் எவரும் கேட்கவில்லை. கம்பனின் குகன் தேனும் மீனும் கொண்டுவந்து இராமன் முன் வைத்தபோது, அங்கிருந்த முனிவர்கள் பார்த்திருக்க, அன்பால் தந்தவை தூயவை, எம்போன்றோர்க்கும் உரியவை, நாம் உண்டதற்கு ஒப்பே என்று இராமன் விடை கூறினான். உண்ணவில்லை, ஆனால் இழிவுபடுத்தவும் இல்லை. மச்சம் உண்ணாத ஒருவர் உண்பவரின் வீட்டுப் படலையில் நிற்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடத்தை நான் கண்டதில்லை. அப்பரோ, ஆவுரித்துத் தின்று உழலும் புலையரேனும் கங்கைவார் சடைக்கரந்தார்க்கு அன்பராகில் அவரே நாம் வணங்கும் கடவுளார் என்று பாடிவிட்டார். அந்த அடியில் ‘ஏனும்’ என்பதற்குள் அக்காலச் சமூகத்தின் இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன், இன்றைய மேடைகள் அப்பர் சென்ற தூரத்தில் பாதிகூடச் செல்லவில்லை.

மரக்கறி உண்பதால்தான் சாதி உயர்ந்தது என்பது உண்மையாயிருந்தால், கோயில் வாசலில் உணவை விசாரித்திருப்பார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய முயன்ற ஒடுக்கப்பட்ட சாதியாரிடம், நேற்று என்ன உண்டீர்கள் என்று யாரும் கேட்டுத் தடுக்கவில்லை. தடுத்த சமூகத்தினரில் பெரும்பாலோரின் வீடுகளிலும் மீன்குழம்பு கொதித்தது; ஒருவர் இறந்தபின் செய்யும் எட்டுச்செலவுச் சடங்கன்று இறந்தவருக்கு விருப்பமான மீனும் இறைச்சியும் படைப்பதும் அந்த வீடுகளின் வழக்கமே. சாதியின் பெயரால் தடுப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தும் பதினொரு ஆண்டுகளின் பின் அந்த வாசலில் அடிதடி நடந்ததென்றால், அதற்குக் காரணம் பிறப்பு. உணவு அதற்குப் பிறகு தேடிக்கொண்ட சாட்டு.

இவ்விடத்தில் நல்லூர் ஆறுமுக நாவலரைக் குறிப்பிடாமல் விடமுடியாது. ஆலயங்களில் ஆடு, கோழி பலியிடுவதை அவர் கண்டித்ததற்கும், புலாலுண்ணாமையைச் சிறுவர்க்கான பாலபாடம் வரையில் கொண்டுசென்றதற்கும் நான் தலைவணங்குகிறேன். இன்று நான் மச்சம் உண்ணாதவனாயிருப்பதில் அவருடைய நூல்களுக்குப் பங்குண்டு. ஆனால் அதே நாவலர் கண்ணகி வழிபாட்டையும் எள்ளி நகையாடினார், சாதியாசாரத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய கருணையைப் பின்பற்றுவதற்கு அவருடைய சாதியாசாரத்தையும் சேர்த்து விழுங்க வேண்டும் என்ற கட்டாயம் எமக்கில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல கண்ணகி கோயில்கள் பெயர்மாறிப்போன பின்னும், முல்லைத்தீவின் வற்றாப்பளைக் கோயில் அம்மன் கண்ணகியாகவே இருந்துவருவதிலிருந்து, எமது முன்னோர் நாவலரிடம் எதை எடுப்பது எதை விடுவது என்று அறிந்திருந்தார்கள் என்றே கொள்கிறேன்.

2017 ஒக்டோபரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலய மிருகபலிக்குத் தடை விதித்தபோது அதனை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். வேள்விக் கடா வளர்ப்பதில் இருந்த போட்டியும், ஒரே வெட்டில் தலை விழவேண்டும் என்ற செருக்கும், அதைச் சுற்றிநின்று பார்க்கும் ஆண்களின் ஆரவாரமும் சமயமல்ல என்பது என் கருத்து. எனினும் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடியோரில் எத்தனை பேர் ஆட்டுக்காகக் கொண்டாடினார்கள், எத்தனை பேர் வேள்வி செய்யும் குலத்தார் ஒருபடி இறக்கப்பட்டார்கள் என்பதற்காகக் கொண்டாடினார்கள் என்பது வேறு கேள்வி.

நான் இறைச்சி உண்ணாததற்குக் காரணம் வள்ளுவர் சொன்னதுதான்: ‘தன்னூன் பெருக்கற்குத் தான்பிறிது ஊனுண்பான் எங்ஙனம் ஆளும் அருள்’. அவர் புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்தார். இல்லறத்தானுக்குக் கட்டளையாக விதிக்கவில்லை. வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இல்லை என்று பழியை வாங்குபவனிடமே திருப்பினார். அதே நூலில் படைச்செருக்கு என்று ஓர் அதிகாரத்தையும் வைத்து, முயலைக் கொன்ற அம்பைவிட யானைமேல் எறிந்து குறிதவறிய வேலினை ஏந்துதல் இனிது என்றார். ஒரே மனம் இரண்டையும் எழுதியிருக்கிறது. குலம் இரண்டிலும் பேசப்படவில்லை.

வீட்டுக்குள் நடப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். எமது கிராமங்களில் கேதாரகௌரி விரதம், கந்தசட்டி, வெள்ளி, செவ்வாய் எல்லாம் பெரும்பாலும் பெண்களின் தலையிலேயே இருக்கின்றன. வீட்டின் சைவத்தைக் காப்பவர்கள் அவர்கள். கணவனுக்கும் வளர்ந்த மகனுக்கும் விரதமில்லாத நாட்களில் கோழி உரித்து, உப்புப் பார்க்காமல் சமைத்துக் கொடுப்பவர்களும் அவர்களே. துண்டுகள் ஆண்களுக்கு, குழம்பும் எலும்பும் பெண்களுக்கு என்ற பங்கீட்டைப் பற்றி எந்தப் பிரசங்கமும் நடப்பதில்லை. புரதம் வேண்டும், ஆம்பிளைப் பிள்ளை தின்ன வேண்டும் என்று சொல்கிறவர்கள், பிள்ளைப்பேற்றுக்கும் வயல் வேலைக்கும் உடலைக் கொடுக்கும் பெண்ணின் இரத்தச்சோகையை நினைப்பதில்லை. போருக்குப் பின்னர் ஆண்துணையின்றி மண்வெட்டி பிடித்துப் பிள்ளைகளை வளர்த்தெடுத்த பெண்கள் வாழும் மாவட்டங்களில் நின்றுகொண்டு, வலிமையை ஆணின் கறித்துண்டில் தேடுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே சம்பந்தப்பட்டோரிடம் மூன்று வேண்டுகோள்களை உங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்கிறேன். சைவசமய ஆசிரியர்கள் கண்ணப்பர் கதையைப் பன்றியிறைச்சியை மறைக்காமல் கற்பிக்க வேண்டும். அதைக் காட்டுணவு என்று பூசி மெழுகுவது சேக்கிழாரைத் திருத்துவதாகும். ஆலயப் பரிபாலன சபையினர் உபயகாரர், அன்னதானத்தில் சமைப்போர், பரிமாறுவோர் ஆகியோரைத் தெரிவுசெய்யும்போது விரதம் காத்தாரா என்று மட்டும் கேட்கட்டும். எந்தப் பகுதியார், அதாவது எந்தச் சாதியார், என்ற கேள்வியை விட்டுவிடட்டும். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கான கடல்நீர் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் எடுக்கப்பட்டு, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கு எரியும் நாட்களில், சுற்றுவட்டாரத்தில் மச்சம் விலக்குவது மக்கள் தாமாகவே கடைப்பிடிக்கும் வழக்கம். அந்த நாட்களில் வருமானம் குறையும் மீன்வியாபாரிகளோடும் கடற்றொழிலாளர் சங்கங்களோடும் சபையினர் முன்கூட்டியே இருந்து பேசி, திகதிகளை அறிவித்து, அவர்களுடைய சம்மதத்தோடு ஒழுங்குகளைச் செய்வார்களாயின், சந்தை வாசலில் மீன்பெட்டியை வைத்து ஆண்டுதோறும் எழும் வாக்குவாதமும் அதில் வந்துவிழும் சாதிப் பெயர்களும் இல்லாமற் போகும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சைவசமய ஆசிரியர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.